பூட்டிய அலுமாரியும் திறந்த பின்கதவும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றனர் எமது முன்னோர். அந்த அளவைக் காப்பதற்காகவே வைத்தியரின் கையெழுத்தும், மருந்தாளரின் கண்ணும், சட்டத்தின் பூட்டும் ஏற்பட்டன. அப்புத்தளை மலைமுகட்டிலிருந்து பதுளைப் பள்ளத்தாக்கு வரையில் வாழும் எமது மக்களின் நிலையை நோக்குமிடத்து, இந்தப் பூட்டு எவருக்காகப் பூட்டப்பட்டது என்னும் வினா எழாமற் போகாது. புற்றுநோயாற் புழுவாய்த் துடிக்கும் முதிய தொழிலாளிக்கு அந்த அலுமாரி பூட்டியே கிடக்கின்றது. பள்ளி விட்டு வரும் பையனை மயக்கத்தில் ஆழ்த்தும் மாத்திரை வியாபாரிக்கோ பின்கதவு திறந்தே கிடக்கின்றது. வேண்டியவனுக்கு இல்லை, வேண்டாதவனுக்கு உண்டு. இந்த விபரீதமே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இது வைத்தியர்களின் விவகாரம், எமக்கென்ன என்று வழக்கறிஞரும் ஆசிரியரும் ஒதுங்குதல் தகாது. இது நகரத்து விவகாரம், மண்வெட்டி பிடிப்பவனுக்கென்ன என்று கமக்காரனும் ஒதுங்குதல் தகாது. நோயும் வலியும் எவர் வீட்டு வாசலிலும் கேட்டு நுழைவதில்லை.

முதலிற் சட்டம் யாது கூறுகின்றது என்பதைப் பார்ப்போம். பிரித்தானியர் ஆட்சியில் அபின் இந்நாட்டில் கடை வைத்து விற்கப்பட்ட பொருள். 1910ஆம் ஆண்டு அக்கடைகளுக்கு முடிவு கட்டப்பட்டு, பதிவு செய்துகொண்டவர்களுக்கு மாத்திரம் அபின் வழங்கும் முறை ஏற்பட்டது. பின்னர் 1925ஆம் ஆண்டின் ஜெனீவா அபின் உடன்படிக்கையை அடுத்து, 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் பிறந்தது. பல திருத்தங்களோடு இன்றும் அதுவே அடிப்படைச் சட்டம். 1984ஆம் ஆண்டின் திருத்தம் 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் கடத்துவோருக்கு மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை என்று விதித்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் 'ஐஸ்' எனப்படும் மெதம்பெட்டமைனையும் அந்தக் கடுமையின் கீழ்க் கொண்டுவந்தது.

மருந்துக் கடைகளைப் பொறுத்தவரையிலோ, 1980ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பதிலாக 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்தது. எம்மவர் 'பாமசி' என வழங்கும் மருந்துக் கடை ஒவ்வொன்றும் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். இலங்கை மருத்துவச் சபையிற் பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரின் மேற்பார்வையிலேயே அது நடத்தப்பட வேண்டும். மயக்கமும் பழக்கமும் தரத்தக்க மருந்துகளை வைத்தியரின் சிட்டையின்றி விற்றலாகாது. அவற்றைப் பூட்டி வைத்தலும், வந்த கணக்கையும் போன கணக்கையும் ஏட்டில் எழுதுதலும் கடமை.

இவை வெறும் சடங்குகள் அல்ல. சிட்டை என்பது நோயாளியை ஒரு வைத்தியர் கண்ணாற் கண்டார் என்பதற்குச் சாட்சி. மருந்தாளர் என்பவர் அச்சிட்டையிலே பிழையிருப்பின் தடுத்து நிறுத்தும் இரண்டாம் காவல். ஏடு என்பது, நாளை வழக்கொன்று எழுமாயின், எந்த மருந்து எங்கிருந்து எவர் கைக்குப் போயிற்று என்று கூறும் மூன்றாம் காவல். 2021ஆம் ஆண்டில் அதிகாரசபையின் கணினியிலிருந்த தரவுகள் அழிந்துபோன சங்கதியை நாடு மறந்திருக்காது. கொழும்பிலே கணினி ஏமாற்றினாலும் கடையிலே ஏடு இருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நடைமுறைக்கு வருவோம். சில ஆண்டுகளாக இந்நாட்டின் செய்தித்தாள்களிலே பிரகபாலின் என்னும் பெயர் அடிக்கடி தென்படுகின்றது. வலிப்பு நோய்க்கும் நரம்பு வலிக்கும் வைத்தியர் தரும் நல்ல மருந்து அது. அதனையே கைநிறைய விழுங்கி மயங்கும் வழக்கம் இளைஞரிடையே பரவியதால், பொலிசாரும் சுங்கத்தாரும் அதனை ஆயிரக்கணக்கிலே கைப்பற்றும் செய்திகள் வருகின்றன. ட்ரமடோல் என்னும் வலிநிவாரணியின் கதையும் இதுவே. இது இலங்கைக்கு மாத்திரம் நேர்ந்த கேடன்று. பிரித்தானியா 2019ஆம் ஆண்டு பிரகபாலினைக் கட்டுப்பாட்டு மருந்துகளின் வரிசையிற் சேர்த்தது. இந்தியா 2018ஆம் ஆண்டு ட்ரமடோலைப் போதைப்பொருட் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அதற்கு முன்னரே, 2014ஆம் ஆண்டு முதல், குறித்த சில மருந்துகளை விற்கும் இந்தியக் கடைகள் நோயாளியின் பெயரையும், எழுதிய வைத்தியரின் பெயரையும், கொடுத்த அளவையும் தனியேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காத்து வைத்தல் வேண்டுமென அங்கே விதி செய்யப்பட்டது.

இம்மாத்திரைகள் வானத்திலிருந்து விழுவனவல்ல. ஒரு பகுதி கள்ளக் கடத்தலாக வருகின்றது. மற்றொரு பகுதி முறைப்படி இறக்குமதியாகி, மொத்த வியாபாரியின் கை மாறி, சில்லறைக் கடையின் தட்டிலிருந்து நழுவுகின்றது. மருந்தாளரின் சான்றிதழ் சுவரிலே சட்டம் போட்டுத் தொங்க, அவர் வேறோர் ஊரில் இருக்க, ஆறு மாதம் பழகிய கடைப்பையன் அலுமாரியைத் திறக்கும் இடத்தில் மூன்று காவலும் ஒருங்கே வீழ்ந்தொழிகின்றன. வேலியே பயிரை மேயும் கதை இது.

இதற்கு அரசாங்கம் கண்ட மருந்து யாது? 2023ஆம் ஆண்டு டிசம்பரிலே 'யுக்திய' என்னும் பெயரால் நாடெங்கும் வேட்டை தொடங்கிற்று. பல்லாயிரவர் பிடிக்கப்பட்டனர். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை வல்லுநர்களே அதனை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு கேட்க நேர்ந்தது. இத்தகைய வேட்டைகளில் முதலில் அகப்படுபவன் எவன்? நகரத்து வீதியோரத்திலும் தோட்டத்து லயத்திலும் சட்டைப்பையில் நாலு மாத்திரையோடு நிற்பவன். பிணை கட்ட வழியின்றி மறியலில் இருப்பவன் அவனே. அந்த நாலு மாத்திரை எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, அந்தப் பெட்டி எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று ஏடு ஏடாகப் பின்தொடர்ந்து செல்லும் முயற்சி அரிதினும் அரிது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் இந்த நீதியை நாம் நீதியென்று கொள்ளோம். மயக்கத்தில் வீழ்ந்த இளைஞனுக்கு வேண்டுவது சிகிச்சை; அவனை வீழ்த்தி இலாபம் கண்டவனுக்கு வேண்டுவது தண்டனை. இரண்டையும் இடம் மாற்றி வைப்பது ஆட்சியன்று.

இது ஒரு பக்கம். மறுபக்கமோ இதனினும் கொடிது; ஆயினும் அதைப் பற்றிப் பேசுவாரில்லை.

1961ஆம் ஆண்டின் போதைப்பொருள் பற்றிய தனி உடன்படிக்கையைக் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் சாசனமாகவே பலரும் எண்ணுகின்றனர். அதன் முகவுரையைப் படித்தவர் அறிவர்: வலியையும் துன்பத்தையும் தணிப்பதற்கு இம்மருந்துகள் இன்றியமையாதவை என்றும், அவை மருத்துவத்திற்குப் போதியவாறு கிடைக்க ஏற்பாடு செய்தல் வேண்டுமென்றும் அங்கே நாடுகள் ஒப்புக்கொண்டுள்ளன. தடுத்தலும் கொடுத்தலும் அந்த உடன்படிக்கையின் இரு கால்கள். உலகின் அரசாங்கங்களோ பெரும்பாலும் ஒற்றைக் காலில் நிற்கின்றன. 2017ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ ஏட்டின் ஆணைக்குழு வெளியிட்ட கணக்கு நெஞ்சைச் சுடுவது. உலகிற் பகிரப்பட்ட மோர்பின் வகை மருந்து ஏறத்தாழ 298.5 தொன்; அதிலே மிக வறிய நாடுகளுக்குக் கிடைத்தது 0.1 தொன். பணமுள்ளவன் நாட்டிலே மருந்து மிஞ்சி மாந்தர் மடிய, பணமில்லாதவன் நாட்டிலே மருந்தின்றி மாந்தர் அலறுகின்றனர்.

அச்சம் எவ்வாறு மருந்தை ஒழிக்கும் என்பதற்கு அண்டை நாடே பாடம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டு கடுமையான போதைப்பொருட் சட்டம் வந்தது. அனுமதி மேல் அனுமதி, முத்திரை மேல் முத்திரை என்று வந்ததும், வைத்தியரும் கடைக்காரரும் அஞ்சி ஒதுங்கினர். 1997ஆம் ஆண்டளவிலே மருத்துவத்திற்கான மோர்பினின் பயன்பாடு நூற்றுக்கு 97 பங்கு வீழ்ந்துவிட்டது. உலகிற்கே சட்டபூர்வமாக அபின் விளைத்துக் கொடுக்கும் நாடு தன் புற்றுநோயாளரை வலியிற் கிடத்தியது! கேரளத்திலே வைத்தியர் எம். ஆர். ராஜகோபால் போன்றோர் பல்லாண்டு போராடியதன் பயனாக 2014ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்டு, வழி ஓரளவு எளிதாயிற்று. ஆபிரிக்காவின் உகண்டாவோ 2004ஆம் ஆண்டிலேயே தனிப் பயிற்சி பெற்ற தாதியரும் மோர்பின் எழுதிக் கொடுக்கலாம் என விதி செய்தது. வைத்தியர் அருகிய நாட்டில் வலி மாத்திரம் காத்திருக்குமா என்று அந்நாட்டார் சிந்தித்தனர்.

எமது மலையிலே வலி காத்திருக்கின்றது. மோர்பின் வகைகள் இந்நாட்டில் பெரும்பாலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் வழியாகவே கிடைக்கின்றன. தனியார் கடைகள் அவற்றை வைத்திருப்பதற்கு அஞ்சுகின்றன. எனவே அல்துமுல்லைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்துப் பிரிவிலே, எழுந்து நிற்கவும் இயலாத நோயாளிக்கு வலி தணிய வேண்டுமாயின், வீட்டிலொருவர் ஒரு நாட் சம்பளத்தை இழந்து, கொழுந்து லொறியோ முச்சக்கர வண்டியோ பிடித்து, பஸ் ஏறிப் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வரல் வேண்டும். அடுத்த தவணையும் அவ்வாறே. மூன்றாம் தவணையில் அவர் போகார். நோயாளி வாயில் துணியைக் கடித்துக்கொண்டு கிடப்பார். இதற்கு எந்தச் சட்டப்பிரிவின் கீழ் யார் மேல் வழக்கிடுவது?

தோட்டத்து மருத்துவத்தின் வரலாற்றையும் இங்கே கூறாமலிருக்க இயலாது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளருக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்தின் மேற் சுமத்திற்று. கூலிக்கு ஆள் வேண்டும், ஆள் உயிரோடிருக்க வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. அன்று முதல் தோட்டத்து டிஸ்பென்சரி வேறு, நாட்டின் ஆஸ்பத்திரி வேறு. 1948ஆம் ஆண்டிலே குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் மருத்துவத்திலும் புறத்தே நிறுத்தப்பட்டனர். தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் நிருவாகம் கம்பெனிகளிடம் சென்றது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை தொடங்கியது, ஆயினும் முற்றுப்பெறவில்லை. மக்கள் 'டாக்டரையா' என்றழைக்கும் தோட்ட மருத்துவ உதவியாளரின் டிஸ்பென்சரியிலே எந்த மருந்து இருக்கலாம், அதன் ஏட்டை எவர் வந்து பார்ப்பார், அவருக்கு உயர்பயிற்சி எவர் அளிப்பார் என்பவற்றில் கம்பெனியும் அரசாங்கமும் ஒன்றையொன்று கைகாட்டி நிற்கின்றன. 2003ஆம் ஆண்டிலே எஞ்சியோருக்கும் குடியுரிமை கிடைத்தது. குடிகளுக்குரிய மருந்து இன்னும் மலையேறவில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். மயக்க மருந்தை எவ்வளவு, எப்போது, எதனோடு சேர்க்காமல் உட்கொள்ள வேண்டும் என்பதை அறியாதவன் கையில் அது சாராயத்தோடு சேர்ந்து உயிரையே குடிக்கும். அவ்வறிவுறுத்தல் எந்த மொழியில் எழுதப்படுகின்றது? கடதாசி உறையிலே சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இரு கிறுக்கல். சில வேளைகளில் மருந்தின் பெயர்தானும் இல்லை. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தமும், அதன் கீழ் 1999ஆம் ஆண்டிலே வெளியான பிரகடனமும் அப்புத்தளை முதலான பிரதேச செயலாளர் பிரிவுகளிலே தமிழையும் நிருவாக மொழியாக்கின. அரசாங்க ஆஸ்பத்திரியின் மருந்துச் சாளரம் நிருவாகத்தின் ஓர் அங்கமே. அங்கே தமிழில் அறிவுறுத்தல் கேட்பது பிச்சையன்று, உரிமை. தனியார் கடையை அரசியலமைப்பின் அவ்விதி நேரே கட்டுப்படுத்தாது என்பதை நாம் அறிவோம். ஆனால் அக்கடைக்கு அனுமதிப்பத்திரம் தருவது அதிகாரசபை. நோயாளி படிக்கும் மொழியில் அறிவுறுத்தல் எழுதப்பட வேண்டும் என்பதை அப்பத்திரத்தின் நிபந்தனையாக்குவதற்கு எவர் தடை?

கட்டுப்பாடு என்றாலே கமக்காரர் முகம் சுளிப்பர். அவர்கள் பட்டது அப்படி. 2021ஆம் ஆண்டு ஒரே கையெழுத்தில் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டதும், வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளின் மரக்கறித் தோட்டங்களும் தேயிலையும் பட்ட பாட்டை அவர்கள் மறக்கவில்லை. சில மாதங்களிலே அத்தடை கைவிடப்பட்டது, நட்டம் கைவிடப்படவில்லை. ஆயினும் மற்றொரு கட்டுப்பாட்டின் கதையும் அவர்களுடையதே. கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிநாசினிகள் 1995, 1998ஆம் ஆண்டுகளிலும் அதன் பின்னரும் படிப்படியாக விலக்கப்பட்டன. தம்முயிரைத் தாமே மாய்ப்போர் தொகை, 1995ஆம் ஆண்டில் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது, 2015ஆம் ஆண்டில் 14 ஆகக் குறைந்தது. அவ்விருபதாண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். விளைச்சலோ அதனாற் குன்றவில்லை. ஏனெனில் கமக்காரனுக்கு வேறு மருந்து கையிலிருந்தது. கொடியது மாத்திரமே அகற்றப்பட்டது. ஒன்று சிந்தித்துச் செய்த கட்டுப்பாடு. மற்றையது சிந்தியாமற் செய்த தடை. மருந்துக் கடை விடயத்தில் நாம் கேட்பது முன்னதையே.

கடைக்காரர் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. அதனைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. பதிவு பெற்ற மருந்தாளர் போதிய தொகையில் இல்லை, உள்ளவர் மலைநாட்டுக்கு வர விரும்புவதில்லை, விதியை இறுக்கினால் சிற்றூர்க் கடைகளை மூடவேண்டியதுதான், அப்போது நோயாளிக்குப் பரசிற்றமோலும் கிடையாது என்கின்றனர். உண்மையே. கடையை மூடுவதனால் நோய் மூடப்படுவதில்லை. ஆயின் மருந்தாளர் இல்லையென்பது மருந்தாளரை உருவாக்குவதற்குக் காரணமேயன்றி, விதியைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துச் சித்தியெய்தியும், பல்கலைக்கழக வாயில் திறவாமையாற் கொழும்புக் கடைகளிலே கணக்கெழுதப் போகும் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! பதுளையில் மருந்தாளர் பயிற்சிக்கு இடமும் உதவிப்பணமும் ஒதுக்கி, தமிழ் மொழியிலும் பயிற்றுவித்து, தேறியோர் சில ஆண்டுகள் ஊவாவிலேயே பணியாற்ற வேண்டுமென விதித்தால், பத்தாண்டிலே இக்குறை பாதியேனும் தீரும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவதாக, மருந்தாளர் இல்லாத கடையிலே சாதாரண மருந்துகள் விற்கப்படலாம். மயக்க மருந்துகளின் அலுமாரி அங்கே இருத்தலாகாது. இரண்டாவதாக, இறக்குமதியாளனிலிருந்து சில்லறைக் கடை வரை ஒவ்வொரு பெட்டியின் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கப்பட வேண்டும்; கணக்கில் ஓட்டை எங்கேயோ அங்கேயே சட்டம் முதலில் தட்ட வேண்டும். மூன்றாவதாக, தியத்தலாவை ஆஸ்பத்திரி போன்ற அண்மை நிலையங்களிலும் வலிநிவாரண மருந்து தவணை தவறாது கிடைக்க வேண்டும். பயிற்சி பெற்ற தாதியர் அதனை நோயாளியின் வீட்டுக்கே எடுத்துச் செல்ல வழி வேண்டும். நான்காவதாக, தோட்ட டிஸ்பென்சரிகள் யாவும் ஒரே சட்டத்தின் கீழ், ஒரே பரிசோதகரின் கண்ணின் கீழ் வரவேண்டும். ஐந்தாவதாக, ஒவ்வொரு மருந்துறையிலும் நோயாளியின் மொழியில் மருந்தின் பெயரும் அளவும் எச்சரிக்கையும் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் புதுமையன்று. ஊவாவிலுள்ள பிபிலையின் பெயரைத் தன் பெயரோடு தாங்கிய பேராசிரியர் சேனக பிபிலே, மருந்து வியாபாரிக்காகவன்று மக்களுக்காகவே என்னும் கொள்கையை முன்வைத்து, 1971ஆம் ஆண்டிலே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழக் காரணராயினார். உலகின் பல நாடுகள் அவர் வழியைப் போற்றின. அவர் பிறந்த நாட்டிலே அது பாதி வழியில் நிற்கின்றது.

எம்மவர் செய்யக்கூடியது யாது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எமது கையிலுள்ள கூரிய கருவி. பதுளை மாவட்டத்தில் கடந்த ஆண்டு எத்தனை மருந்துக் கடைகள் பரிசோதிக்கப்பட்டன, எத்தனை கடைகளில் மருந்தாளர் நேரில் இருந்தார், எந்தெந்த ஆஸ்பத்திரியிலே எத்தனை நாள் மோர்பின் இல்லாதிருந்தது என்று எழுத்திலே கேட்போம். எழுதத் தெரிந்த ஆசிரியரும் எழுத்தரும் தத்தம் ஊரிலே ஒரு விண்ணப்பமேனும் எழுதட்டும். சட்டந் தெரிந்தவர் கைகொடுக்கட்டும். கடைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் உறையை வாங்கியதும், இது என்ன மருந்து, எப்படி உட்கொள்வது, தமிழில் எழுதித் தாருங்கள் என்று கூச்சமின்றிக் கேட்கட்டும். வாக்குக் கேட்டு மலையேறி வரும் வேட்பாளரிடம் வீதி கேட்கின்றோம், வீடு கேட்கின்றோம். வலியால் துடிப்பவருக்கு மருந்தும், மயக்கத்தால் அழிபவருக்குக் காவலும் கேட்போம். பூட்ட வேண்டியது பின்கதவு. திறக்க வேண்டியது அலுமாரி. அதைத் திறக்கும் சாவி சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கின்றது. அதனை எடுத்துத் திருப்புமாறு ஆள்வோரைக் கட்டாயப்படுத்துவது எமது வேலை.